பீர் கிட்டில் கூடுதல் ருசி சேர்ப்பது எப்படி?

வீட்டில் பீர் தயாரிக்க விற்கும் சாதாரண கிட்டைத் திறந்தால் முக்கியமாக இரண்டே பொருள்தான். டப்பா நிறைய, தேனைவிடக் கெட்டியான கரும்பழுப்புப் பாகு, 1.5 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். கூடவே ஒரு சின்னப் பாக்கெட்டில் உலர்ந்த ஈஸ்ட். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை கொட்டி, மூடியுள்ள பெரிய வாளியில் 20 முதல் 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் விட்டு, சூடு தணிந்ததும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்க வேண்டியதுதான். இரண்டு வாரத்தில் நொதித்து அடங்கும். நுரைக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம் வைத்தால் நுரையோடு பீர் தயார். (வீட்டில் பீர் தயாரிப்பது சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டது, சில இடங்களில் குற்றம். டப்பாவைத் திறக்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த பீரைக் குடிக்கலாம், பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயில் கொஞ்சம் தண்ணியாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் வாசம் ஏறாது. இதில் ஆரஞ்சுத் தோல் போட்டால் என்ன, காபி கலந்தால் என்ன என்று தோன்றுவது அப்போதுதான். தாராளமாகச் செய்யலாம். கஷ்டமான வேலையை ஆலையே முடித்துக் கொடுத்துவிட்டதால் நம் கவனம் முழுவதையும் ருசியில் வைக்கலாம் என்பது கிட்டின் பெரிய வசதி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் எதைப் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். எப்போது போடுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதே ஆரஞ்சுத் தோல், போடும் நாளைப் பொறுத்து மணக்கவும் செய்யும், இருந்த இடம் தெரியாமல் போகவும் செய்யும்.

டப்பாவில் இருப்பதும் இல்லாததும்

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஆலையில் அதை வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தை இனிப்பாக மாற்றி, வடித்து, ஹாப்ஸின் கசப்பைச் சேர்த்து, தண்ணீரைச் சுண்டவைத்துப் பாகாக்குகிறார்கள். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதில் இரண்டு விதமான சொத்து உண்டு. ஒன்று, கொதிக்கக் கொதிக்கக் கசப்பாக மாறும் ஆல்ஃபா அமிலங்கள். இன்னொன்று, பூவும் பழமும் பைன் மரமுமாக மணக்கும் எண்ணெய்கள். கசப்பு கொதித்தாலும் தங்கும். எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். அதனால் டப்பாவில் கசப்பு தேவையான அளவுக்கு இருக்கிறது, வாசம் மட்டும் சொற்பம்.

இரண்டாவது குறை அந்த ஒரு கிலோ சர்க்கரையால் வருவது. சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஆல்கஹால் கூடும், நாக்கில் நிற்க எதுவும் மிஞ்சாது. மால்ட்டில் அப்படியில்லை. ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அதில் கொஞ்சம் உண்டு, அவைதான் பீருக்குக் கனத்தைத் தருகின்றன.

ஆகவே பழம், மசாலா எதையும் தொடும் முன் சர்க்கரையை மாற்றுங்கள். ஒரு கிலோ சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ உலர் மால்ட் பொடி. அவ்வளவு கிடைக்காவிட்டால் அரை கிலோ மால்ட் பொடியும் அரை கிலோ டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ் சர்க்கரை). ஒரு கிட்டுக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கனமில்லாத பீரில் எந்த ருசியைச் சேர்த்தாலும் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இனிப்பான கரும் பீர் வேண்டுமென்றால் லாக்டோஸ் சேர்க்கலாம். பாலிலிருந்து எடுக்கும் இந்தச் சர்க்கரையை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது, எனவே இனிப்பு அப்படியே தங்கும். 20 லிட்டருக்கு 250 முதல் 500 கிராம் போதும். பால் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். தேன் ஊற்றினால் பீர் இனிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தேனிலிருப்பதும் ஈஸ்ட் தின்னும் சர்க்கரைதான். கடைசியில் இன்னும் வறண்ட, அதாவது இனிப்பு குறைந்த பீர்தான் கிடைக்கும்.

டோஃபி, கேரமல், வறுத்த ரொட்டி போன்ற ருசிகளுக்குத் தானியத்தை ஊறவைக்கும் முறை இருக்கிறது. கிரிஸ்டல் மால்ட் என்ற வகையை 200 முதல் 300 கிராம் வரை, மாவாகாமல் கொரகொரப்பாக உடைத்து, துணிப்பையில் கட்டுங்கள். இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அதில் அரை மணி நேரம் பை கிடக்கட்டும். சூடு 75-ஐத் தாண்டினால் உமியிலிருக்கும் துவர்ப்பு இறங்கத் தொடங்கும், வெப்பமானி கட்டாயம் வேண்டும். பையைத் தூக்கி வடியவிட்டு, செந்நிறமான அந்தச் சாற்றைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு டப்பாப் பாகோடு சேர்த்துவிடலாம். தானியத்தின் மேல் எப்போதும் நுண்ணுயிர்கள் இருக்கும், கொதிக்கவைப்பது அதற்காக. பாகைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. ஆலையிலேயே கொதித்து வந்ததுதான், மறுபடி கொதித்தால் மிச்சமிருக்கும் வாசமும் போகும்.

எப்போது சேர்ப்பது

ருசிப் பொருளை வாளிக்குள் போட்டபின் அதன்மேல் நான்கு விஷயங்கள் வேலை செய்கின்றன. சூடு வாசத்தை ஆவியாக்கும். நொதித்தலின் முதல் சில நாட்களில் குமிழ்குமிழாக வெளியேறும் கார்பன் டைஆக்ஸைடு, வாசத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, மூடியில் பொருத்தும் சின்னக் குழாய்) வழியாகப் போய்விடும். நொதிக்கும் அந்த நாட்களில் வாளி இருக்கும் அறை கமகமவென்று மணக்கும், அந்த மணம் பீரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றாவது ஈஸ்ட்டின் பசி. சர்க்கரை எந்த வடிவில் வந்தாலும் அது தின்றுவிடும். நான்காவது நமக்கு உதவி: ஆல்கஹால். தண்ணீரில் கரையாத பல வாசப் பொருள்கள் ஆல்கஹாலில் இறங்கும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை தானே கிடைக்கிறது. கசப்பு, நிறம், கனம் ஆகியவற்றைத் தொடக்கத்தில், சூடாக இருக்கும்போது சேர்க்க வேண்டும். வாசத்துக்கானதை நொதித்தலின் வேகம் அடங்கியபின், ஆல்கஹால் உருவானபின் சேர்க்க வேண்டும். மிக மென்மையானதை, அல்லது அளவு தெரியாததை, பாட்டிலில் அடைக்கும் நாளில்.

வேகம் அடங்கியதா என்பதை ஏர்லாக்கின் குமிழ்களை எண்ணி முடிவு செய்யாதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழ் நிற்கும். திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வேண்டும். கிட் பீர் தொடங்கும்போது அடர்த்தி 1.040 முதல் 1.050 வரை காட்டும், முடியும்போது 1.008 முதல் 1.014 வரை வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் நொதித்தல் முடிந்தது. இந்த எண்களிலிருந்தே ஆல்கஹால் அளவையும் கணக்கிடலாம். தொடக்க அடர்த்தியிலிருந்து இறுதி அடர்த்தியைக் கழித்து 131.25 ஆல் பெருக்கினால் சதவீதம் வரும். 1.045-ல் தொடங்கி 1.010-ல் முடிந்தால் சுமார் 4.6.

ஹாப்ஸிலிருந்து தொடங்குங்கள்

பீரோடு சண்டை போடாத ருசிப் பொருள் ஹாப்ஸ்தான், முதல் முயற்சிக்கு இதையே பரிந்துரைக்கிறேன். கேஸ்கேட் வகை, பம்பளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட் பழத்தின் வாசமும் எலுமிச்சை வாசமும் தரும். சிட்ரா வெப்பமண்டலப் பழங்களைப் போல மணக்கும். சாஸ் வகையில் மூலிகை வாசம், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸில் மண்ணும் பூவும் கலந்த மென்மை. வெளிர் நிற லாகர் வகை பீர் கிட்டுக்கு சாஸ், பேல் ஏல் வகை பீர் கிட்டுக்கு கேஸ்கேட் என்று தொடங்கினால் தவறாது.

முறை எளிது. நொதித்தல் ஏறக்குறைய முடிந்ததும், உருண்டைகளாக அழுத்தப்பட்ட ஹாப்ஸை 20 லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை எடுத்து, மூடியைத் திறந்து மேலே தூவி, உடனே மூடிவிட வேண்டும். இதை உலர் ஹாப்பிங் என்பார்கள். கிளறக் கூடாது. இந்தக் கட்டத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பீரில் கலந்தால் வாசம் மங்கும், நிறம் கறுக்கும், நாளாக ஆக ஈர அட்டையின் ருசி வரும். உருண்டைகள் முதலில் பச்சைப் பாசிபோல மேலே மிதந்து, பிறகு கரைந்து கீழே இறங்கும். மூன்று நான்கு நாள் போதும். அதிகம் வைத்தால் புல் வாசம் ஏறும். ஹாப்ஸுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் உண்டு, தவிர பீரில் அதற்குள் ஆல்கஹாலும் அமிலமும் இருக்கும். எனவே கொதிக்கவைக்காமல் போடுகிறோமே என்று பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஹாப்ஸிலுள்ள நொதிகள் (என்சைம்கள்) மிச்சமிருந்த நீண்ட சர்க்கரைகளை உடைத்து ஈஸ்ட்டுக்கு மறுபடி தீனி போடலாம். அதனால் அடர்த்தியை ஹாப்ஸ் போட்டபின்னும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும்.

மசாலா: வோட்காவில் ஊறவைத்து அளக்கும் வழி

மசாலாப் பொருள்களை பீரில் சேர்ப்பது புதுப் பழக்கமல்ல. ஹாப்ஸ் பரவலாகும் முன் ஐரோப்பாவில் பாக் மிர்ட்டில் (bog myrtle), யாரோ (yarrow) போன்ற மூலிகைகளின் கலவையைத்தான் பீரில் போட்டார்கள். 1516-ல் பவேரியாவில் வந்த ஆணை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது என்றது. பெல்ஜியத்தின் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் சேர்க்கும் மரபு இருந்தது. அழிந்துபோன அதை 1960-களில் பியர் செலிஸ் என்பவர் ஹூகார்டன் ஊரில் மீட்டெடுத்தார். கொத்தமல்லி விதை பீரோடு அவ்வளவு இயல்பாகச் சேர்வதற்குக் காரணம் உண்டு. அதன் எண்ணெயில் முதன்மையாக இருக்கும் லினலூல் ஹாப்ஸ் எண்ணெயிலும் இருக்கிறது.

மசாலாவில் தொடக்கக்காரர்களைக் கவிழ்ப்பது அளவுதான். கிராம்பு இரண்டு மூன்று போட்டாலே 20 லிட்டர் முழுவதும் தெரியும். பட்டை, ஏலக்காய், இஞ்சி எல்லாம் வாங்கிய இடத்தையும் பழமையையும் பொறுத்து வீரியம் மாறும். யாரோ எழுதிவைத்த கிராம் கணக்கு உங்கள் பட்டைக்குப் பொருந்தாது. நொதிக்கும் வாளியில் நேரே போட்டுவிட்டால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அதனால் நான் உறுதியாகச் சொல்வது வோட்கா முறை.

சின்னக் கண்ணாடி ஜாடியில் 250 மில்லி வோட்கா. அதில் லேசாக இடித்த கொத்தமல்லி விதை, அல்லது நீளவாக்கில் கீறிய வெனிலா, அல்லது ஒரு துண்டு பட்டை. ஆரஞ்சு என்றால் மேல்தோலை மட்டும் சீவுங்கள், அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். ஒரு வாரம் மூடிவைத்து, தினமும் ஒருமுறை குலுக்கி, வடிகட்டுங்கள். ஆல்கஹால் வாசத்தை இறக்கும், கிருமிகளையும் கொன்றுவிடும். பாட்டிலில் அடைக்கும் நாளில் வாளியிலிருந்து நான்கு கிளாஸ்களில் தலா 100 மில்லி பீர் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் முதல் கிளாஸில் கால் மில்லி, இரண்டாவதில் அரை, மூன்றாவதில் ஒன்று விடுங்கள். நான்காவது ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பீர். குளிரவைத்து, மோந்து, குடித்துப் பாருங்கள். அரை மில்லி கிளாஸ் பிடித்திருந்தால் லிட்டருக்கு 5 மில்லி, 20 லிட்டருக்கு 100 மில்லி என்று கணக்கு நேராக வந்துவிடும். இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே தயக்கம் வந்தால் குறைந்ததையே எடுங்கள். 100 மில்லி வோட்காவால் மொத்த பீரின் ஆல்கஹால் 0.2 சதவீதம்கூட ஏறாது.

முழு வாளிக்கும் ஒரே ருசி வேண்டாம் என்றாலும் இது உதவும். பாட்டில் பாட்டிலாகத் துளிகள் விட்டு ஒரே பீரிலிருந்து வெனிலா, ஆரஞ்சு, எதுவும் சேர்க்காதது என்று பிரித்துக்கொள்ளலாம். எந்த பாட்டிலில் எது என்று மூடியில் எழுதிவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் வாசனை எண்ணெய்களை விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசை நுரையைக் கொல்லும், ஒரு துளி கூடினால்கூட மொத்தமும் சோப்பு ருசியாகும். சாக்லேட் வேண்டுமென்றாலும் இதே காரணத்தால் சாக்லேட் கட்டியைத் தவிர்த்து, வறுத்து உடைத்த கோகோ பருப்பை 20 லிட்டருக்கு 100 முதல் 200 கிராம், வோட்காவில் நனைத்து ஐந்து முதல் ஏழு நாள் வாளியில் வையுங்கள். காபிக்கு, 100 கிராம் கொரகொரப்பான தூளை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வைத்து வடிகட்டி, அதே கிளாஸ் சோதனையால் அளவு கண்டுபிடித்து, பாட்டில் நாளில் சேர்க்கலாம். ஸ்டௌட் என்ற கரும் பீர் கிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

பழம்

பழ பீரில் ஏமாற்றம் வருவது எதிர்பார்ப்பால். ஜூஸ் மாதிரி இனிக்கும் என்று நினைத்துப் போடுகிறோம். ஈஸ்ட் பழத்தின் சர்க்கரையைத் தின்றபின் மிஞ்சுவது புளிப்பும் வாசமும் நிறமும்தான். அதனால் புளிப்பும் வீரியமும் உள்ள ராஸ்பெர்ரி, செர்ரி போன்றவை நன்றாக நிற்கும். பீச், ஸ்ட்ராபெரி போன்ற மென்மையானவை கரைந்து காணாமல் போகும், அளவைக் கூட்ட வேண்டும். லிட்டருக்கு 100 கிராமில் தொடங்குங்கள், மென்மையான பழத்துக்கு 200 வரை போகலாம்.

பழத்தைக் கழுவி, நறுக்கி, ஓரிரு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் செல் சுவர்கள் உடைந்து சாறு எளிதாக இறங்கும். உறையவைத்தால் கிருமி சாகாது, அதற்குச் சூடு வேண்டும். 70 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம். கொதிக்கவிட்டால் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் வெளிப்பட்டு பீர் கலங்கலாகும், வாசமும் ஜாம் மாதிரி மாறும். செர்ரி, பீச் போன்றவற்றின் கொட்டையை நீக்கிவிடுங்கள். அவற்றின் பருப்பில் சயனைடு உருவாக்கும் பொருள் இருக்கிறது. டின்னில் அடைத்த கூழோ ஜூஸோ வாங்கினால் லேபிளில் பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் இருக்கிறதா என்று பாருங்கள். பதப்படுத்தும் அந்த உப்புகள் ஈஸ்ட்டையும் முடக்கும்.

பழம் சேர்ந்ததும் நொதித்தல் மறுபடி தொடங்கும், நுரை எழும்பும். வாளியில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். அடங்கியதை ஹைட்ரோமீட்டரில் உறுதி செய்யாமல் பாட்டிலில் அடைக்கவே கூடாது. மிச்சச் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் அழுத்தம் ஏறி கண்ணாடி வெடிக்கும். கண்ணுக்கும் கைக்கும் ஆபத்தான விஷயம் இது. அதே காரணத்தால் பாட்டில் நாளில் பழச்சாறோ சிரப்போ ஊற்றுவதும் வேண்டாம். நுரைக்கான சர்க்கரை லிட்டருக்கு 6 முதல் 7 கிராம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதையும் போடாமல் ருசி மாற்ற

ஈஸ்ட்டை மாற்றினாலே ருசி மாறும். கோதுமை பீருக்கான ஈஸ்ட் நொதிக்கும்போது வாழைப்பழ வாசமுள்ள ஐசோஅமைல் அசிடேட்டையும் கிராம்பு வாசமுள்ள இன்னொரு பொருளையும் தானே உண்டாக்கும். கிராம்பே வாங்காமல் கிராம்பு மணம். எந்த ஈஸ்ட்டானாலும் அதன் பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பநிலையை மதியுங்கள். ஏல் பீருக்கான ஈஸ்ட் வகைகளுக்கு 18 முதல் 20 டிகிரி சுகம். 25-ஐத் தாண்டினால் வார்னிஷ் மாதிரி நெடி வரலாம், அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது.

பீரைத் தொடும் ஒவ்வொரு கரண்டியும், பையும், சிரிஞ்சும் கிருமிநீக்கத் திரவத்தில் நனைந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். குளோரின் பீரிலுள்ள பொருள்களோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி மருந்து ருசி வரும்.

முதல் கிட்டில் மால்ட் பொடியும் உலர் ஹாப்பிங்கும் போதும். அடுத்ததில் அதே கிட்டை வாங்கி ஹாப்ஸை மட்டும் மாற்றுங்கள், அல்லது வோட்கா ஜாடியைத் தொடங்குங்கள். ஒரே தடவையில் பழம், மசாலா, புது ஈஸ்ட் எல்லாம் போட்டால் எது நன்றாக இருந்தது என்று தெரியாது. போட்ட பொருள், கிராம், நாள், அடர்த்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

அடைத்த பாட்டில்களைத் திறக்கும் வரிசையும் உண்டு. ஹாப்ஸ் வாசம் சீக்கிரம் மங்கும், நுரை பிடித்ததும் ஓரிரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். பழ பீரும் காபி சேர்த்ததும் அதற்கடுத்து. பட்டை, கிராம்பு தூக்கலாக வந்துவிட்ட கரும் பீரைக் கொட்டிவிட வேண்டாம். இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் மூன்று மாதம் வைத்துவிட்டு ஒரு பாட்டிலைத் திறந்து பாருங்கள், காரம் தணிந்து மால்ட்டோடு சேர்ந்திருக்கும்.